ஐந்தாம் மாடி, இரவு பத்தரை

தெம்புசு இல்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
மே மாதத்து மாலையில் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்
தாழ்ந்த கிளையடியில் இருட்டும்வரை நின்று பார்த்தேன்.
நல்ல மணம்தான். என்னுடையதல்ல.

ஏழிலைப்பாலையும் இல்லை.
யீஷூனில் அது பூத்த வாரம்
பேருந்து நிறுத்தமே தும்மியது.

ஹஸ்லினாவின் அக்கா வீட்டு வேலியோரம் இரவுராணி.
கிட்டத்தட்ட.
ஆனால் கிட்டத்தட்ட என்பது
அடுத்த வீட்டுப் பூட்டில் நம் சாவி மாதிரி,
நுழையும், திரும்பாது.

சிக்லாப்பில் ஓரிரவு
பாண்டான் வாசனையைப் பின்தொடர்ந்து போனேன்.
கூரை விளிம்பிலிருந்து இரண்டு கண்கள் பார்த்தன. மரநாய்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
தொண்ணூற்று இரண்டு. புக்கிட் மேரா.
சாவியை மறந்து பள்ளிக்குப் போன நாள்.
அம்மாவுக்கு மின்னணுத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட்,
நள்ளிரவுக்கு முன் வரமாட்டாள்.
காரிடாரில் எரிந்த ஒரே விளக்கின் கீழ்
பின்னக் கணக்குகளைப் போட்டேன்,
பிறகு அடுத்த நாளைக்கானதையும்.
மேடம் க்வெக் வீட்டுத் தொலைக்காட்சி அணைந்தது.
பத்தரை இருக்கும்.
எங்கிருந்தோ வந்து
பக்கத்தில் உட்கார்ந்தது அது.

தேன், சோப்பு, காயாத துணி,
இன்னும் ஏதோ ஒன்று.
பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
பயத்துக்கு ஒரு துணை கிடைத்தது.
எந்த மரமோ என்று வெளியே இருட்டைத் துழாவினேன்,
தலைக்குமேல் பார்க்கவில்லை.

மறுநாள் இரவு மோந்து பார்த்தேன். இல்லை.
அதற்கடுத்த இரவும்.

போன மாதம் பழைய நோட்டுகளைக் கழித்தபோது
ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது.
கால் கூட்டல் மூன்றில் ஒன்று,
அதன்மேல் பழுப்பாய் ஒரு சொட்டு,
சொட்டுக்குள் ஓர் எறும்பு
முப்பது வருடமாய் விடைக்குப் போகும் வழியில்.

ஆகவே மேலிருந்து சொட்டியிருக்கிறது.
ஆகவே மரமல்ல, தொட்டி.
மேடம் க்வெக்கின் கதவோரம் சிவப்பு ரிப்பன் கட்டி
சோளத்தட்டை போல வெறும் இலையாய் நின்றதே, அது.
என் அலுவலக லாபியிலும் நான்கு நிற்கின்றன.
பதினோரு வருடமாய்க் கடந்து போகிறேன்,
பிளாஸ்டிக் என்றுகூட ஒருநாள் நினைத்திருக்கிறேன்.

டிரசீனா.
அரும்பு, முகை, அலர், வீ என்று
பூவின் ஒவ்வொரு வயதுக்கும் சொல் வைத்த மொழியில்
இதைக் கூப்பிட எனக்கொரு பெயர் கிடைக்கவில்லை.

பூப்பது அபூர்வமாம்.
அந்தியில் விரிந்து விடியலில் மூடுமாம், தேன் வடியுமாம்.
ஆனால் பூத்தால் ஒரு வாரமாவது மணக்குமாம்.

ஒரு வாரமா?
எனக்கு மட்டும் ஏன் ஒரே இரவு?

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.
"க்வெக் வீட்டுப் பூவா?" யோசிக்கவே இல்லை அவள்.
"தலைவலியோட வர்றேன், நீ வாசல்ல தூங்கிக் கிடக்கிற,
ஒரே நாத்தம்.
உன்னை உள்ளே படுக்கவச்சுட்டு
கத்திரிக்கோலால வெட்டி குப்பைக் குழாய்ல போட்டேன்.
அவகிட்ட சொல்லிடாதே."

மேடம் க்வெக் போய் ஒன்பது வருடம்.
அந்த புளோக்கும் இல்லை.
சொல்லமாட்டேன் என்றேன்.
நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம்,
அதையும் அவளிடம் சொல்லவில்லை.

குழாயின் வாய் அப்போதெல்லாம்
ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இருந்தது.
அந்த நள்ளிரவில்
மூன்றாம் மாடியில் யாரோ
மீன்முள்ளைக் கொட்ட மூடியைத் திறந்து
கொட்டாமல்
கொஞ்ச நேரம் நின்றிருக்கக்கூடும்.